டெங்கும் கிரகித்தல் வினாவும்

சாதாரண தரப் பரீட்சையின் கிரகித்தல் பந்தியில் டெங்கு வந்தால் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு லேசு என்று நினைப்போம். 2017இல் அவர்களின் மாவட்டத்துக் கிண்ணியாவை உலுக்கிய காய்ச்சல் அல்லவா! எனக்கென்னவோ அங்கேதான் புள்ளி பறிபோகும் என்று படுகிறது. பந்தி தேங்கிய நீரை அகற்றுவதை மட்டும் சொல்லியிருக்கும். 'தடுக்கும் வழி யாது?' என்று கேட்டால் கை தானாக நுளம்புவலை என்று எழுதிவிடும். பந்தியில் இல்லாததற்குப் புள்ளி ஏது? போதாக்குறைக்கு, டெங்கு நுளம்பு பெரும்பாலும் பகலில் கடிப்பது. இரவில் கட்டும் வலை மலேரியாவுக்குத்தான் பொருத்தம். அப்படியானால் தெரிந்ததை மறந்துவிட்டா எழுதுவது என்று கேட்கலாம். வேண்டாம், கடினமான சொல்லை விளங்கிக்கொள்ள அது உதவும். விடையை மட்டும் பந்தியின் வரியில் விரல் வைத்து எடுக்கட்டும். மருந்துப் பையில் 'சாப்பாட்டுக்கு முன்' என்றிருக்க, வழக்கப்படி சாப்பிட்ட பின் விழுங்குகிற பெரியவர்களும் பந்தியை வாசிக்காதவர்கள்தான்.