வீட்டுக்குள் ஒரு வீடு: கைத்தொலைபேசி இணையத்தைப் பகிர்தல்

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, நம் தோட்டத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்க வேண்டியதாயிற்று. அந்த ஏப்ரலில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை நாளொன்றுக்கு ஒரு ஜிகாபைட் டேட்டாவை இலவசமாகக் கொடுத்தன. ஆனால் பல வீடுகளில் கைத்தொலைபேசி ஒன்றுதான் இருந்தது. அப்போதுதான் 'ஹாட்ஸ்பாட்' என்ற சொல் நம் லயங்களில் புழங்கத் தொடங்கியது.

அது என்ன? பழைய லயத்துப் பொதுக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் ஒன்று, குடங்கள் பல. கைத்தொலைபேசி தன் இணையத்தைப் பக்கத்திலுள்ள மடிக்கணினிக்கும் ஊற்றுகிறது. எத்தனை குடம் பிடித்தாலும் கணக்கு ஒரே மீட்டரில்தான் ஏறும்.

இப்போது மேற்படிப்புக்குப் போகும் நம் பிள்ளைகள் 'மெய்நிகர் கணினி' என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு கணினிக்குள் மென்பொருளால் அமைத்த இன்னொரு கணினி அது. இது புதிய மாயமன்று. 1972லேயே ஐபிஎம் நிறுவனம் தன் பெருங்கணினிகளுக்கு இதை வெளியிட்டது. இன்று விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு வீட்டு மடிக்கணினியிலேயே அமைக்கலாம். வெளியே விண்டோஸ் இருக்கும். உள்ளே லினக்ஸ் ஓடும். உள்ளே எதைக் கெடுத்தாலும் வெளியே உள்ளது பெரும்பாலும் கெடாது. படிக்கிற பிள்ளைக்கு இரண்டாவது கணினி வாங்கும் செலவு மிச்சம்.

இதில் ஒரு கண்ணி உண்டு. எங்களிடம் படித்த மாணவர் ஒருவரின் வீடு கிள்ளானுக்கு அருகே ஒரு தோட்டத்தில். அம்மாவின் கைத்தொலைபேசியில் டேட்டா கொஞ்சமே மீந்திருந்தது. இரவு ஹாட்ஸ்பாட்டை இணைத்தபடியே அவர் தூங்கிவிட்டார். காலையில் டேட்டா தீர்ந்துபோயிருந்தது. அன்று தங்கை பள்ளிக்கு அனுப்ப வேண்டிய பாடவேலையை அனுப்ப முடியவில்லை. அதோடு, "நீதான் படம் பார்த்துத் தீர்த்தாய்" என்று பழியும் அவள்மேல் விழுந்தது. அவள் அழுதுகொண்டே எங்களிடம் வந்தாள்.

நாங்கள் கைத்தொலைபேசியின் அமைப்புகளைத் திறந்து டேட்டா பயன்பாட்டைப் பார்த்தோம். எந்தச் செயலி எவ்வளவு செலவழித்தது என்று அங்கே இருக்கும். பெரும்பகுதி ஹாட்ஸ்பாட்டின் கணக்கில் இருந்தது. தங்கை படம் பார்க்கவில்லை!

அண்ணனோ, "விண்டோஸில் 'மீட்டர் இணைப்பு' என்று குறித்துவைத்தேனே!" என்றார். உண்மைதான். அப்படிக் குறித்தால் விண்டோஸ் பெரிய புதுப்பிப்புகளைத் தள்ளிவைக்கும். ஆனால் உள்ளே இருக்கும் கணினிக்கு அந்தச் செய்தி போகாது. விர்ச்சுவல்பாக்ஸ் அதற்குச் சாதாரணக் கம்பி இணைப்பு ஒன்றைத்தான் காட்டுகிறது. தான் குடிப்பது அம்மாவின் டேட்டா என்று அதற்குத் தெரியாது. ஆகவே, புதிதாக நிறுவிய லினக்ஸ் தன் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை இரவோடு இரவாக இறக்கிக்கொண்டது.

ஆகவே நேயர்களே, இவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, உள்கணினியிலும் தனியாக மீட்டர் இணைப்பு என்று குறியுங்கள். தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி, டேட்டா தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் நாமே செய்துகொள்ளலாம். பாதுகாப்புக்கு அது தேவை. அடியோடு விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது, இணைப்பு வகை 'நாட்' என்றே இருக்கட்டும். அதில் உள்கணினி, வெளிக்கணினியின் முகவரியிலேயே வெளியே போகும். கைத்தொலைபேசிக்கு ஒரே கணினிதான் தெரியும். 'பிரிட்ஜ்' முறையில் உள்கணினி தனி முகவரி கேட்கும். ஹாட்ஸ்பாட் வழியே அது பல வேளைகளில் வேலை செய்யாது.

மூன்றாவது, இணையம் தேவைப்படாத பயிற்சியின்போது விர்ச்சுவல்பாக்ஸிலேயே உள்கணினியின் வலையிணைப்பைத் துண்டித்துவிடுங்கள். நிரல் எழுதிப் பழக இணையம் எப்போதும் வேண்டியதில்லை.

நான்காவது, உபுண்டு லினக்ஸின் நிறுவல் கோப்பே 5 ஜிகாபைட்டுக்கு மேல் வரும். அதைக் கைத்தொலைபேசியில் இறக்காதீர்கள். பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வேலை செய்யும் உறவினர் வீட்டில் வரம்பில்லா இணையம் இருந்தால், அங்கே இறக்கி விரலியில் கொண்டுவரலாம்.

ஐந்தாவது, பல டேட்டா திட்டங்களில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு உண்டு. வெள்ளியைக் கட்டுவதற்கு முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஹாட்ஸ்பாட்டுக்குக் கடவுச்சொல் வையுங்கள். படித்து முடித்ததும் அணையுங்கள்.

அந்த அண்ணன் அன்று மாலையே தங்கையிடம் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் பாடவேலையும் போய்ச் சேர்ந்தது. பொதுக் குழாயில் தண்ணீர் குறைந்தால் முதலில் கசிவைத் தேடுவோம். பிறகுதான் பக்கத்து வீட்டைக் கேட்போம். இணையத்திலும் அதே முறைதான். பிள்ளையைக் கடிந்துகொள்வதற்கு முன் கணக்கைத் திறந்து பாருங்கள்.