கடனட்டையும் கணக்குக் கொப்பியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்று வங்கிகளின் முகவர்கள் அலுவலகங்களுக்கும் பாடசாலை ஆசிரியர் அறைகளுக்கும் தேடிவந்து கடனட்டை தருகின்றனர். மாதந் தவறாது சம்பளம் பெறுவோர்மீது அவர்களுக்குத் தனி அன்பு. அவர்கள் நீட்டும் வண்ணத் துண்டுப் பிரசுரங்களில் வெகுமதிப் புள்ளிகள், காசு மீளளிப்பு, விமானப் பயணம் எனச் சலுகைகள் பல காணப்படும். “இவற்றுள் எந்த அட்டை நல்லது?” என்று சக ஆசிரியர்கள் என்னிடம் கேட்பதுண்டு. அவ்வினாவுக்கு விடை கேட்பவருடைய கணக்குக் கொப்பியிலேதான் உண்டு என்பது என் கருத்து.

இவ்வெகுமதி எங்கிருந்து வருகிறது? ஊர்க் கடையிற் கொப்பி வைத்துச் சாமான் வாங்கி, சம்பளத்தன்று கணக்குத் தீர்த்த முறையை நம்மிற் பலர் அறிவோம். கணக்குத் தீர்க்கப் போகும் பிள்ளையின் கையில் முதலாளி ஓர் இனிப்பை வைப்பார். அதன் விலை அவர் பெற்ற இலாபத்துள் அடங்கும். 1950 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் டைனேர்ஸ் கிளப் அட்டை தோன்றியபோது, இக்கொப்பி கடைக்காரர் கையிலிருந்து மூன்றாம் ஒருவர் கைக்கு மாறியது எனலாம். 1986 இல் அமெரிக்காவின் டிஸ்கவர் அட்டை, செலவழித்த பணத்தில் ஒரு சிறு பங்கைத் திருப்பித் தரலாயிற்று. அட்டையை ஏற்கும் கடைக்காரர் விற்பனைத் தொகையில் ஒரு பகுதியைக் கட்டணமாகக் கொடுக்கிறார். கடனை மிச்சம் வைப்போர் வட்டி கட்டுகின்றனர். இனிப்பின் விலை இவற்றுள் அடங்கியிருக்கிறது.

நிற்க. கணவனும் மனைவியும் உழைக்கும் ஒரு குடும்பம் மாதம் 100,000 ரூபா செலவழிப்பதாகக் கொள்வோம். திருநெல்வேலியிலோ சுன்னாகத்திலோ சந்தைக்குப் போய் மரக்கறியும் மீனும் வாங்குவது, பிள்ளைகளின் ரியூசன் கட்டணம், சீட்டுக் காசு, கோயில் உபயம், உறவினர் வீட்டு நல்லது கெட்டது ஆகியவற்றுக்கு 65,000 ரூபா போய்விடும். இவ்விடங்களில் அட்டைக்குப் பெரும்பாலும் வேலையில்லை. மீன் விற்கும் அம்மாவிடம் அட்டையை நீட்டினால் என்ன சொல்வார் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். பெற்றோல், மருந்து, தொலைபேசி, மின்சாரம், பேரங்காடி ஆகியவற்றுக்கான 35,000 ரூபாவே எஞ்சும். நூற்றுக்கு ஒன்று மீளக் கிடைக்குமாயின் மாதம் 350 ரூபா. ஆண்டுக்கு 4,200 ரூபா. ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபா எனின், கையில் நிற்பது 1,200 ரூபா.

எனவே, மூன்று மாதச் செலவை, எந்தக் கடையில் எவ்வளவு என்று முதலில் எழுதிப் பாருங்கள். நாளாந்தம் மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவருக்குப் பெற்றோலுக்குச் சலுகை தரும் அட்டை பொருந்தும். பேரங்காடிக் கழிவோ குறித்த சில நாட்களில் மட்டும் கிடைப்பது. அதற்காக வடமராட்சிக் கிராமமொன்றிலிருந்து பெற்றோல் எரித்து யாழ் நகருக்கு வருவது என்ன சிக்கனமோ, நான் அறியேன்.

இக்கணக்கெல்லாம் மாத முடிவில் முழுக் கடனையும் தீர்ப்பவருக்கே பொருந்தும். இலங்கை மத்திய வங்கி 2020 ஆகஸ்டில் கடனட்டை வட்டிக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு என உச்சவரம்பு விதித்தது. பொருளாதார நெருக்கடியின்போது, 2022 ஏப்பிரலில் அவ்வரம்பு நீங்கிற்று. 2023 ஆகஸ்டில் மீண்டும் வரம்பு வந்தபோது அது 28 விழுக்காடாயிருந்தது. அந்த 28 விழுக்காட்டில், நாம் கண்ட 35,000 ரூபாவை ஒரு மாதம் கட்டாது விட்டால் வட்டி ஏறத்தாழ 817 ரூபா. இரண்டு மாத வெகுமதியை அது விழுங்கி, மேலும் கேட்கும். தாமதக் கட்டணம் வேறு. ஆகவே, மாதந்தோறும் மிச்சம் வைக்கும் வழக்கமுடையவர் வெகுமதியை மறந்து, வட்டி குறைந்த அட்டையையே தேடுதல் வேண்டும். அட்டையே வேண்டாமென்று விடுதல் அதனினும் நன்று.

கலியாண நகை வாங்குவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அட்டையை நீட்டியதும் விலைமேல் இரண்டரை, மூன்று விழுக்காடு சேர்க்கும் கடைகள் உண்டு. 200,000 ரூபா நகைக்கு இரண்டரை விழுக்காடு 5,000 ரூபா. நமக்கு வரும் வெகுமதியோ 2,000 ரூபா. இவ்வாறு மேலதிகத் தொகை அறவிடலாகாது என மத்திய வங்கி அறிவித்துள்ளது. அறவிட்டால், அட்டை வழங்கிய வங்கியிடம் பற்றுச்சீட்டுடன் முறையிடலாம். ஆனால் விலை பேசுமுன்பே கேட்டுக்கொள்வது இலகு.

விமானப் புள்ளி தரும் அட்டைகள்மீது இப்போது பலருக்கு ஆசை. 2019 ஒக்டோபரில் பலாலியில் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. அங்கிருந்து சென்னைக்கு முதலிற் சேவை நடத்தியது இந்தியாவின் அலையன்ஸ் ஏர் நிறுவனம். உங்கள் புள்ளிகள் கட்டுநாயக்காவிலிருந்து புறப்படும் வேறொரு நிறுவனத்தில் மட்டுமே செல்லுமாயின், அவ்வளவு தூரம் போகும் வாகனச் செலவையும் ஓரிரவுப் பயணத்தையும் கொப்பியில் எழுதிக்கொள்ள வேண்டும். புள்ளிகளை எந்நிறுவனம் ஏற்கும், எத்தனை மாதத்தில் அவை காலாவதியாகும் என்பவற்றை, விண்ணப்பத்திற் கையொப்பமிடுமுன் வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கலாம்.