வலியறிதலும் கணினிப் போர்க்களமும்



மொழிச் சொற்பொழிவு வரிசையில் கணினி விளையாட்டுக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணலாம். நம் மாணவர்கள் நாள்தோறும் உலவும் காடுகளும் கோட்டைகளும் இன்று திரைக்குள் இருக்கின்றன. அந்தக் கற்பனை உலகில் ஆடுபவர் ஒரு வீரராக உருவேற்று, விரும்பிய திசையில் செல்லலாம். அவர் எங்கே, எந்த வலிமையோடு வருவார் என்று அறியாத படைப்பாளி, அவருக்குத் தக்க பகைவரை எவ்வாறு அமைப்பது? இந்தப் பொருத்தத்தைப் ‘போர்ச்சமன்’ என்றும், ஆடுபவர் தேர்ந்துகொள்ளும் அளவைக் ‘கடுமை நிலை’ என்றும் இவ்வுரையில் குறிப்பிடுகிறேன்.

போர்ச்சமன் நமக்குப் புதிதன்று. ஆடுபுலி ஆட்டத்தில் புலிகள் 3, ஆடுகள் 15. புலி தாவி வெட்டும். ஆட்டால் வெட்ட இயலாது, சூழ்ந்து அடைக்கவே இயலும். இரு தரப்பும் ஒன்றுபோல் இல்லை. ஆயினும் இரண்டுக்கும் வெல்ல வழியுண்டு. சமன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.

திருக்குறளின் 48ஆம் அதிகாரம் வலியறிதல். எடுத்த செயல், தான், எதிரி, துணை நிற்போர் ஆகிய நான்கின் ஆற்றலையும் எடைபோட்டு இறங்குமாறு வள்ளுவர் அங்கே அறிவுறுத்துகிறார். இந்த அளவுகோலைக் கொண்டு சில ஆட்டங்களைப் பார்ப்போம்.

2006இல் வெளிவந்த ‘ஒப்ளிவியன்’ ஆட்டத்தில் ஆடுபவர் வளர வளரப் பகைவரும் உடன் வளர்ந்தனர். வழிப்பறிக் கள்வர்கூட அரிய கவசம் பூண்டு வந்தனர். உழைத்து வளர்ந்தவருக்குத் தம் வளர்ச்சியே தெரியாமல் போயிற்று. 2011இல் வந்த ‘ஸ்கைரிம்’ இதை ஓரளவு திருத்தியது. ஆனால், 2013இல் அதில் சேர்க்கப்பட்ட உச்சக் கடுமை நிலையைப் பாருங்கள். ஆடுபவரின் அடி கால் பங்காகிறது. பகைவர் அவர்மேல் வீசும் அடி மும்மடங்காகிறது. பகைவர் புதிய உத்தி எதனையும் கற்கவில்லை. எண்கள் மட்டுமே மாறின. வாளை ஓங்குவோர்க்குப் பொறுமை வளருமேயன்றித் திறமை வளர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வலியறிதலை அடுத்து வருபவை காலமறிதலும் இடனறிதலும். 2016இல் ஜப்பானின் ஸ்குவேர் எனிக்ஸ் வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேன்டசி 15’ காலத்தைக் கைக்கொண்டது. அதன் வடிவமைப்பாளர்களுள் முதன்மையானவர் ஒருவர் நம் மலேசியர், வான் ஹஸ்மர். பின்னர்த் தாயகம் திரும்பி, ‘மெட்ரோநோமிக்’ என்னும் நிறுவனத்தை இணைந்து நிறுவி, 2020இல் ‘நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ்’ ஆட்டத்தைத் தந்தவர் அவர். ‘ஃபைனல் ஃபேன்டசி 15’இல் காத்திருப்பு முறை ஒன்றுண்டு. அதைத் தேர்ந்தவர் அசையாது நின்றால் போர் சற்று நேரம் உறையும். பகைவரை ஆராய்ந்து அடுத்த அடியை முடிவு செய்யலாம். விரல் விரைவு குறைந்தவருக்கும் அறிவால் வெல்ல வாய்ப்புக் கிடைக்கிறது.

2022இல் வந்த ‘எல்டன் ரிங்’ இடத்தை நம்பியது. அதில் கடுமை நிலையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலே இல்லை. தொடக்கத்திலேயே குதிரைமேல் வரும் பொற்கவச வீரன் ஒருவன் புதியவரை வீழ்த்திவிடுவான். ஆயினும் நிலம் விரிந்து கிடக்கிறது. வேறு திசை சென்று, வலிமை பெற்று, தாமும் ஒரு குதிரையோடு திரும்பி வரலாம். பின்வாங்குவதும் அங்கே ஓர் உத்தியே. எனினும், எத்தனை முறை திரும்பி வந்தாலும் கை விரைந்து இயங்காதவருக்கு அந்த நிலம் இரங்குவதில்லை. ஆகவே இடம் ஒன்றே போதும் என்று நான் சொல்லமாட்டேன், காலமும் வேண்டும்.

பெயரிடுவதிலும் ஓர் அறம் உண்டு. 2015இல் வந்த ‘தி விட்சர் 3’ தன் எளிய நிலைக்குக் ‘கதை மட்டும்’ என்னும் பொருள்படப் பெயரிட்டது. அதைத் தேர்ந்தவர் கோழையல்லர், கதை விரும்பி. இத்தகைய சொற்களைத் தமிழாக்கும் நாளில், ஆடுபவரைச் சிறுமைப்படுத்தாத சொற்களை நாம் தேர வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே, வினாக்களைக் கூட்டி நேரத்தைக் குறைத்து ஒரு தேர்வைக் கடினமாக்குவது எளிது. அதுவும் எண்களைப் பெருக்கும் வேலைதான். எந்த ஆற்றலை அளக்கிறோம் என்று முதலில் தெளிந்தால், சிந்திக்கக் காலமும், தோற்றபின் திரும்பிவர வழியும் தர இயலும். மாணவச் செல்வங்களே, அடுத்த முறை ஓர் ஆட்டத்தில் தோற்கும்போது, அது உங்களிடம் கேட்டது பொறுமையையா, விரைவையா, அறிவையா என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கேள்வியிலேயே வலியறிதல் தொடங்குகிறது.