தன்னார்வலரை யார் கேள்வி கேட்பது?

(கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, அமெரிக்காவில் அரசு பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்ப்புக் குடும்பங்களில் விடும் குழந்தைகளுக்காக நீதிமன்றத்தில் பேச, நீதிபதி ஒரு தன்னார்வலரை நியமிக்கலாம். 1977இல் சியாட்டில் நீதிபதி டேவிட் சூக்கப் தொடங்கிய முறை இது. சுருக்கப் பெயர் காஸா. நம்ம கூட்டத்தில் அந்தச் சொல்லைக் கேட்டா வேற ஊர்தான் ஞாபகம் வரும், அது இல்லை.

சட்டப் படிப்பு தேவையில்லை. சுமார் 30 மணி நேரப் பயிற்சி, அவ்வளவுதான். நானும் அப்படித்தான் சேர்ந்தேன். நல்ல மனசோடதான் போனேன்.

ஒரு அம்மா வீட்டுக்குப் போனது மாசக் கடைசி. ஃபிரிட்ஜில் கொஞ்சம் பால், நாலு முட்டை. "வீட்டில் போதிய உணவு இல்லை" என்று அறிக்கையில் எழுதினேன். உணவு மானிய அட்டையில் பணம் ஏற இன்னும் மூணு நாள் இருக்குன்னு அவங்க சொன்னாங்க. அதை நான் எழுதல. பிள்ளை வீடு திரும்புறது மூணு மாசம் தள்ளிப்போச்சு. அந்த அம்மா என் அறிக்கையைப் பார்த்ததே விசாரணை அன்னைக்குக் காலையில, நீதிமன்ற வராந்தாவில நின்னுகிட்டு. "உங்ககிட்ட சொன்னேனே"ன்னு மட்டும் கேட்டாங்க.

வேற யாரும் என்னை எதுவும் கேட்கல. புகார் கொடுக்கணும்னா என்னை அனுப்பிய அதே அலுவலகத்தில்தான் கொடுக்கணும். சாதாரணக் கவனக்குறைவு என்றால் 1997ஆம் ஆண்டின் தன்னார்வலர் பாதுகாப்புச் சட்டம் எங்களைக் காப்பாத்திடும். பல மாநிலங்களில் விசாரணை மூடிய அறையில் நடக்குது. குழந்தையின் அந்தரங்கத்துக்கு அது தேவைதான். ஆனா எங்க தவறும் அதே கதவுக்குப் பின்னாடி போயிடுது.

2004இல் வந்த ஆய்வு, இந்தத் திட்டத்தின் தேசிய அமைப்பே செய்யச் சொன்னது. கறுப்பினக் குழந்தைகளுக்குத் தன்னார்வலர்கள் குறைவான நேரமே செலவிட்டாங்கன்னு அது சொல்லுது. எனக்கு ஆச்சரியமே இல்லை. மென்பொருள் வேலை, சொந்த வீடு, நிறைஞ்ச ஃபிரிட்ஜ்: அங்கிருந்து போற நமக்கு வறுமை அலட்சியமாத்தான் தெரியுது. "சம்பளமே வாங்கலையே, எங்களைக் கேட்கலாமா?"ன்னு வேற கோபம் வரும். அதிகாரம் கையில் இருக்கே தோழர், சம்பளம் எதுக்கு?

அறிக்கை பெற்றோர் கையிலும் அவங்க வழக்கறிஞர் கையிலும் பத்து நாள் முன்னாடி கிடைக்கணும். புகாரை வெளியாள் விசாரிக்கணும். எந்த இன, எந்த வருமானக் குடும்பத்துக்கு என்ன பரிந்துரைச்சோம்னு, பெயர் இல்லாம, வருஷா வருஷம் வெளியிடணும்.

அடுத்த மாசம் எங்க கவுண்டி சபை இந்தத் திட்டத்துக்கு நிதி ஒதுக்கக் கூடுது. பொதுமக்களுக்கு ஆளுக்கு மூணு நிமிஷம். நான் அந்த நாலு முட்டையைப் பத்திப் பேசப் போறேன். கூட வர்றவங்க வெளியே போறதுக்கு முன்னாடி பேர் கொடுத்துட்டுப் போங்க.