கூழும் சோறும்



வேட்டையாடியும் கிழங்ககழ்ந்தும் உண்ட மனிதன் உழவு கண்டு ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் ஆயின. அந்நெடுங்கதையை விடுத்து நம் அடுப்பங்கரைக்கு வருவோம்.

நாம் சிறுவராயிருந்த நாளில் சேரியின் அன்றாட உணவு கேழ்வரகுக் களியும் கம்பங்கூழுமே. நெல் விளைவித்த கைகளுக்கு நெற்சோறு திருநாளில் மட்டும். கூழ் குடித்ததற்காக ஏளனமும் பட்டோம். ஆகவே, 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்து பள்ளித் தட்டில் வெண்சோறு விழுந்தபோது, வயிற்றோடு மானமும் நிறைந்தது. அச்சோற்றை நாம் பழிப்போம் அல்லோம்.

ஆயினும், ஆலையில் தீட்டத் தீட்டத் தவிட்டோடு உயிர்ச்சத்தும் நார்ச்சத்தும் போகின்றன. தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசியால் அவை தேறுவதையும் 1890-களில் சாவகத் தீவில் டச்சு மருத்துவர் எய்க்மான் கண்டார். 1929-இல் நோபல் பரிசு பெற்றார். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியிலோ 10 மில்லிகிராம் அளவே.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கணித்தது. சோறு ஒன்றே காரணமன்று. ஏர் பிடித்த உடல் மூவேளைச் சோற்றையும் எரித்துவிடும். நாற்காலியில் அமர்ந்த உடல் எரிக்காது. படித்து நாற்காலி பெற்ற நம் முதல் தலைமுறையே இன்று மாத்திரையும் பெற்றிருக்கிறது! நம்மவர் கைவிட்ட கேழ்வரகோ, ‘சிறுதானியம்’ என்னும் மரியாதைப் பெயரோடு பெருங்கடைகளில் விலை ஏறி நிற்கிறது.

கழகத்தாரிடம் நாம் வேண்டுவது ஒன்று. விடுதியில் வாரம் இரு நாள் களி இடுக. கீரைக் குழம்போடு, சூடாக இடுக. தண்டனைபோல் இட வேண்டா. அந்நாள்களில் ஆசிரியர்களும் பிள்ளைகளோடு பந்தியில் அமர்வோம்.