பெட்ரோல் எங்கே நிக்குது? பழைய பைக்கில் ஒரு துப்பறியும் வேலை

அப்பா ஓட்டின ஸ்ப்ளெண்டர், ஆசைப்பட்டுத் தேடி வாங்கின ஆர்எக்ஸ் 100, இப்படி ஏதாவது ஒரு பழைய வண்டியை இன்னும் ஓட்டிக்கிட்டு இருக்கிறவங்களுக்கான எபிசோட் இது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு புது பைக்குகள் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிடுச்சு. நம்ம வண்டியில் இருக்கிறது கார்புரேட்டர். அதில் கோளாறு வந்தா மீட்டரில் எந்த லைட்டும் எரியாது. நாமதான் கண்டுபிடிக்கணும்.

கோளாறு பெரும்பாலும் இப்படித்தான் வரும். காலையில் வண்டி ஒழுங்கா ஸ்டார்ட் ஆகும், நாலு கிலோமீட்டர் ஓடும். மேம்பாலம் ஏறும்போது திணறும், அப்படியே ஆஃப் ஆகும். பின்னாடி ஒரு தண்ணி லாரி வந்துக்கிட்டு இருக்கும். அப்போ இது வெறும் எரிச்சல் இல்லை, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

கடைக்குக் கொண்டுபோனா, "கார்புரேட்டர் வாஷ் பண்ணிடலாம்"னு சொல்லுவாங்க. ரெண்டு நாள் நல்லா ஓடும், மறுபடியும் நிக்கும். அப்புறம் பிளக் மாத்துவாங்க. கடைசியில் கார்புரேட்டரே புதுசு போடணும்னு வந்து நிக்கும். காசு போகும், வண்டி மட்டும் போகாது. காரணம், பெட்ரோல் எந்த இடத்தில் தடைபடுதுன்னு யாருமே பார்க்கலை. இன்னைக்கு நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான்: பெட்ரோல் போற வழியிலேயே நாமும் வரிசையா போகணும், நடுவில் குதிக்கக் கூடாது.

இந்த வண்டிகளில் பெட்ரோல் பம்ப் கிடையாது. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. பெட்ரோல் தன் எடையாலேயே இறங்குது. டேங்க், டேப், டியூப், கார்புரேட்டரோட அடியில் இருக்கிற கிண்ணம், கடைசியா ஜெட். அவ்வளவுதான் பாதை.

தொடங்குறதுக்கு முன்னாடி, நிஜமாவே பெட்ரோல் பிரச்சினைதானான்னு உறுதி பண்ணிக்கணும். வண்டி நின்ன உடனே ஓரம் கட்டி, சூடு பார்த்து பிளக்கைக் கழட்டுங்க. பிளக் காய்ஞ்சு கிடந்தா பெட்ரோல் வரலைன்னு சந்தேகப்படலாம். ஈரமா, பெட்ரோல் வாசனையோட இருந்தா, பெட்ரோல் வந்திருக்கு. அப்போ கரன்ட் பக்கம் பாருங்க. இன்னொரு குறிப்பு: ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது திணறுற வண்டி, சோக்கைப் பாதி இழுத்ததும் சரியா ஓடினா, பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம்.

முதல் இடம், டேங்க் மூடி. பெட்ரோல் இறங்கின அளவுக்குக் காத்து உள்ளே போகணும். அதுக்கு மூடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. தூசி, துரு, வண்டி கழுவின சேறு இதெல்லாம் சேர்ந்து அதை அடைச்சிடும். உள்ளே வெற்றிடம் உருவாகி பெட்ரோல் இறங்காம நிக்கும். பத்து நிமிஷம் காத்திருந்தா கொஞ்சம் கொஞ்சமா காத்து கசிஞ்சு உள்ளே போய் வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகும். டேங்க் ஃபுல்லா இருக்கும்போது இன்னும் சீக்கிரம் நிக்கும், ஏன்னா உள்ளே காத்துக்கு இடமே கம்மி. சோதனை சுலபம்: அடுத்த தடவை நிக்கும்போது மூடியைத் திறங்க. "உஸ்"னு சத்தம் வந்து, உடனே வண்டி கிளம்பினா குற்றவாளி அதுதான். செலவு, ஒரு மெல்லிசான கம்பி.

ரெண்டாவது, டேப். 'ஆன்'ல இருக்கும்போது டேங்குக்குள்ள உயரமா நிக்கிற குழாய் வழியா பெட்ரோல் வரும். 'ரிசர்வ்'ல அடியிலிருந்து வரும். டேங்கில் நிறைய பெட்ரோல் இருந்தும் ரிசர்வில் மட்டும்தான் ஓடுதுன்னா, மேல் குழாய் அடைச்சிருக்கலாம்.

மூணாவது, டியூப். இன்ஜின் நல்லா ஆறினதும், வெளியில, பக்கத்தில் நெருப்போ சிகரெட்டோ இல்லாத இடத்தில் இதைச் செய்யணும். கார்புரேட்டர் பக்கத்து முனையைக் கழட்டி, பெட்ரோல் தாங்குற ஒரு கேனுக்குள்ள விட்டு டேப்பைத் திறங்க. தடையில்லாம ஓடணும். அரை லிட்டராவது விட்டுப் பாருங்க. முதல்ல வேகமா வந்து அப்புறம் மெலிஞ்சா, மறுபடியும் மூடியைப் பாருங்க. ஆரம்பத்திலிருந்தே சொட்டினா, டேப்போ ஃபில்டரோ அடைச்சிருக்கு.

நாலாவது, கார்புரேட்டர் கிண்ணம். டியூபை மாட்டி, டேப்பைத் திறந்து, கிண்ணத்துக்கு அடியில் இருக்கிற டிரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்துங்க. முதல்ல கிண்ணத்தில் இருக்கிற பெட்ரோல் வரும். அதுக்கப்புறமும் விடாம வந்தா சரி. சொட்டுச் சொட்டா குறைஞ்சா, கிண்ணத்துக்குள்ள பெட்ரோல் விடுற ஊசி வால்வு கிட்ட அடைப்பு. கிண்ணத்தில் தேங்கியிருக்கிறதே கொஞ்ச தூரம் ஓட்டப் போதும். அதனாலதான் வண்டி கிளம்பிட்டு அப்புறம் நிக்குது.

கிண்ணத்திலிருந்து வந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் வெச்சுப் பாருங்க. அடியில் தனியா ஒரு படலம் நின்னா தண்ணி. பழுப்பு நிறத் தூள் இருந்தா டேங்குக்குள்ள துரு. துரு இருக்கிற வரைக்கும் எத்தனை தடவை வாஷ் பண்ணினாலும் ரெண்டு நாள்தான் ஓடும். முதல்ல டேங்கைச் சுத்தம் பண்ணணும்.

இதில் எத்தனாலுக்கும் பங்கு இருக்கு. இப்போ பங்க்கில் கிடைக்கிறது 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணி ஒரு அளவைத் தாண்டினா ரெண்டும் சேர்ந்து பிரிஞ்சு அடியில் தங்கிடும். இதுக்காக வடிவமைக்காத பழைய ரப்பர் டியூபும் சீலும் ஊறிப்போகலாம், வெடிக்கலாம். மழைக்காலத்தில் நிறுத்தி வைக்கிற வண்டிக்கு இது ரொம்ப முக்கியம்.

கடைசியாத்தான் ஜெட். ஐடிலிங் நிக்காம, ஆக்சிலேட்டர் கொடுத்தா மட்டும் ஓடினா ஸ்லோ ஜெட்டைச் சந்தேகப்படுங்க. மாசக்கணக்கா ஓட்டாம வெச்ச வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, பிசின் மாதிரி படிஞ்சு அந்த நூலளவு துவாரத்தை அடைச்சிடும். ஐடிலிங் நல்லா இருந்து, ஃபுல் ஆக்சிலேட்டரில் மட்டும் திணறினா மெயின் ஜெட், இல்லைன்னா பெட்ரோல் வரத்து. இப்போதான் கார்புரேட்டர் வாஷுக்கு ஒரு அர்த்தம் இருக்கு.

இதையெல்லாம் நீங்களே செய்யணும்னு கட்டாயம் இல்லை. ஆனா அடுத்த தடவை கடைக்குப் போகும்போது, "அண்ணே, வண்டி நிக்குது"ன்னு மட்டும் சொல்லாதீங்க. "அண்ணே, டியூப் வரைக்கும் பெட்ரோல் நல்லா வருது, மூடியைத் திறந்தும் பார்த்துட்டேன், கிண்ணத்தில்தான் சொட்டுது"ன்னு சொல்லுங்க. நல்ல மெக்கானிக்குக்கு அந்த ஒரு வரி போதும், நேரா அந்த ஊசி வால்வுக்கு ஸ்பேனர் போகும்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம். அதுவரைக்கும் பத்திரமா ஓட்டுங்க.