கண்ணாடி போட்டாலும் விமானம் ஓட்டலாம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தேன். உறுப்பினர் ஒருவரின் மகள் பத்தாவது படிக்கிறாள். போர்டில் எழுதுவது தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறாளாம். கண்ணாடி வாங்கிக் கொடுத்தும் போடுவதில்லை. "ஏம்மா?" என்று கேட்டேன். "கண்ணாடி போட்டா பைலட் ஆக முடியாதுன்னு சொன்னாங்க மேடம்" என்றாள்.

சகோதரிகளே, இது தவறான தகவல். பயணிகள் விமானம் ஓட்ட 'கிளாஸ் 1' மருத்துவச் சான்று வேண்டும். சர்வதேச விதிப்படி ஒவ்வொரு கண்ணும் தனியாக 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 தெரிய வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டே இதைப் படித்துக் காட்டலாம். 6/9 என்றால், நல்ல கண் 9 மீட்டரில் படிக்கிற எழுத்தை நாம் 6 மீட்டரில் நின்று படிப்பது. பார்வை ரொம்பக் குறைவாக இருந்தால் முழுக் கண் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். பறக்கும்போது கண்ணாடி போட்டிருக்கணும். மாற்றுக் கண்ணாடி ஒன்றும் கையில் இருக்கணும். விமானப் படைக்கு விதி வேறு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கண்ணாடியால் சரியாகாதது நிறக்குறைபாடு. ஓடுபாதை ஓரத்தில் நாலு விளக்குகள் வரிசையாக இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் விமானம் சரியான உயரத்தில் இறங்குகிறது. நாலுமே சிவப்பு என்றால் ரொம்பத் தாழ்ந்துவிட்டது. நிறம் தெரியாவிட்டால் என்ன ஆகும், நினைத்துப் பாருங்கள்! அதனால்தான் வண்ணப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் 'இஷிஹாரா' படங்களைக் காட்டிச் சோதிக்கிறார்கள். அதில் தவறினால் வண்ண விளக்குச் சோதனை என்று ஒன்றும் உண்டு.

இந்தக் குறை பெரும்பாலும் பிறவியிலேயே வருவது, ஆண் பிள்ளைகளுக்கே அதிகம். பார்வை நன்றாக உள்ள அம்மா வழியாகவும் மகனுக்கு வரும். அதற்காக அம்மா மேல் பழி போடக் கூடாது. அது யார் கையிலும் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா நகையை அடகு வைத்து மகனுக்குப் பயிற்சிக் கட்டணம் கட்டினார். அதன் பிறகுதான் நிறச் சோதனை செய்தார்கள். பையன் தேறவில்லை. கட்டிய பணமும் திரும்பவில்லை, நகையும் மூழ்கிப்போச்சு.

ஆகவே, பிள்ளை பைலட் ஆகணும்னு சொன்னால் முதலில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். நிறச் சோதனையையும் கேட்டுச் செய்யுங்கள். அதற்கு அப்புறம்தான் கடன் விண்ணப்பம். இதை இன்றே உங்கள் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.

அந்தப் பொண்ணு இப்போது கண்ணாடி போட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறாள்.